பிளாஷ்பாயின்ட் முதல் ரிஃபோர்ஜர் வரை: உங்களுக்கு எந்த ஆர்மா?

'பிளாஷ்பாயின்ட்' என்ற பெயரில் தொடங்கிய ஆர்மா, உண்மையான போரைப் போல ஆடும் ராணுவக் கேம்களின் தொடர். கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் விலைக்குறைப்பு தொடங்கினால் போதும், என்னிடம் இந்தக் கேள்வி வந்துவிடும். "அண்ணா, ஆர்மா 3 வாங்கவா, ரிஃபோர்ஜர் வாங்கவா?" என்று ஒரு தம்பி. "நாலாவது வர்ற வரைக்கும் பொறுத்திருக்கலாமா?" என்று இன்னொருவர். "எங்கிட்ட பழைய லேப்டாப்தான் இருக்கு, அந்த முதல் பிளாஷ்பாயின்டையே ஆடிப் பார்க்கலாமா?" என்று மூன்றாமவர். மூவருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் இரண்டு பேருடைய பணம் வீண்.

பொதுவாக ஒரு கேமின் அடுத்த பாகம் வந்ததும் முந்தையது மூலைக்குப் போய்விடும். இந்தக் குடும்பத்தில் அப்படி நடக்கவில்லை. 2001-இல் வந்தது இன்றும் ஆடத் தகுந்தது. 2013-இல் வந்ததை இன்னும் கூட்டம் கூட்டமாக ஆடுகிறார்கள். அதனால் எது புதியது என்று பார்த்து வாங்காதீர்கள். யாரோடு ஆடப்போகிறீர்கள், ஒரு தடவை உட்கார்ந்தால் எவ்வளவு நேரம் உட்கார முடியும், இந்த இரண்டையும் பார்த்து வாங்குங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

## ஒரே வயிற்றுப் பிள்ளைகள்

வம்சக் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பெயர்க் குழப்பம் தீரும். செக் நாட்டின் பிராக் நகரத்தில் இயங்கும் பொஹீமியா இன்டராக்டிவ் நிறுவனம் உருவாக்கி, பிரிட்டனின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் 2001 ஜூனில் வெளியிட்டதுதான் 'ஆப்பரேஷன் பிளாஷ்பாயின்ட்: கோல்டு வார் கிரைசிஸ்'. அப்புறம் இருவரும் பிரிந்தார்கள். பெயர் கோட்மாஸ்டர்ஸிடம் தங்கிவிட்டது. கேமை எழுதிய கைகளும் அதை இயக்கும் அடிப்படை மென்பொருளான எஞ்சினும் பொஹீமியாவிடம் இருந்தன. பிள்ளை ஒரு வீட்டில், குலப்பெயர் இன்னொரு வீட்டில் என்றாகிவிட்டது.

பொஹீமியா தன் அடுத்த கேம்களுக்கு 'ஆர்மா' என்று பெயர் வைத்தது. 2006-இல் முதல் ஆர்மா, 2009-இல் ஆர்மா 2, 2013 செப்டம்பரில் ஆர்மா 3. 2022 மே மாதம் ஆர்மா ரிஃபோர்ஜர் முன்னோட்டமாக வந்து, 2023 நவம்பரில் முழுமையானது. பழைய பிளாஷ்பாயின்டையே 2011-இல் 'ஆர்மா: கோல்டு வார் அசால்ட்' என்று மறுபெயரிட்டார்கள். இன்று கடையில் தேட வேண்டியது அந்தப் பெயரைத்தான்.

கோட்மாஸ்டர்ஸ் தன்னிடமிருந்த பெயரை வைத்து 2009-இல் 'டிராகன் ரைசிங்', 2011-இல் 'ரெட் ரிவர்' என்று இரண்டு கேம்களை வெளியிட்டது. இரண்டாவது, நான்கு பேர் சேர்ந்து ஆடும் நேர்வழிக் கேமாகச் சுருங்கிவிட்டது. பெயரில் பிளாஷ்பாயின்ட் இருக்கிறதே என்று இவற்றை வாங்கிவிட்டு ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் கேமை நேசிப்பவர் தேடுவது இவற்றில் கிடைக்காது. ஆகவே இந்த ஒப்பீட்டில் இவற்றை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

இன்னொரு உறவும் உண்டு. ஆர்மா 2-இன் மேல் டீன் ஹால் என்பவர் 2012-இல் செய்த மோட்தான் டேஇசட். மோட் என்றால் ஒரு கேமை மற்றவர்கள் மாற்றியோ கூட்டியோ செய்யும் பதிப்பு. அந்த டேஇசட்டின் மேல் பிரெண்டன் கிரீன், கடைசி ஆள் மிஞ்சும்வரை சண்டையிடும் பேட்டில் ராயல் மோட் ஒன்றைச் செய்தார். பிறகு அதையே ஆர்மா 3-க்கும் கொண்டுவந்தார். அங்கிருந்து பிறந்தது பப்ஜி. பள்ளிக்கூட நாள்களில் பப்ஜி ஆடியவர்கள் எல்லோரும் இந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளையோடு பழகியவர்கள்தான்.

## எதை வைத்து அளப்பது

துணை. தனியாகவா, தெரிந்த நான்கைந்து பேரோடா, முகம் தெரியாத நூறு பேரோடா? இந்தக் கேம்களில் இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. எதிரி உங்களைப் பார்க்கும் முன் நீங்கள் அவனைப் பார்க்க வேண்டும். ஒரு தோட்டா போதும், கதை முடிந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதுதான் ஆட்டம்.

உட்காரும் நேரம். இருபது நிமிடம் நடந்து, இரண்டு நிமிடம் சண்டையிட்டு, செத்து, மறுபடி நடப்பது இந்தக் கேம்களில் சாதாரணம். தினமும் அரைமணி நேரம் மட்டும் கிடைப்பவரும் சனிக்கிழமை இரவு முழுதும் கிடைப்பவரும் ஒரே கேமை வாங்கக் கூடாது.

மெஷின். எந்தக் கம்ப்யூட்டர் என்பதோடு, அதில் எந்தப் பாகம் பலவீனம் என்பதையும் பார்க்க வேண்டும்.

வாங்கிய பிறகு வரும் செலவு. டிஎல்சி (கேமுக்குத் தனியாக விற்கும் கூடுதல் பகுதி), மோட்களுக்கான டேட்டாவும் டிஸ்க் இடமும், ஒரு நல்ல ஹெட்செட், கன்சோலில் ஆடுவதென்றால் ஆன்லைன் சந்தா.

கற்கும் பொறுமை. கீபோர்டில் கிட்டத்தட்ட எல்லாப் பொத்தானுக்கும் ஒரு வேலை உண்டு. முதல் வாரம் தவிப்பீர்கள்.

| | கோல்டு வார் அசால்ட் | ஆர்மா 2 | ஆர்மா 3 | ரிஃபோர்ஜர் |
|---|---|---|---|---|
| ஆண்டு | 2001 | 2009 | 2013 | 2023 |
| தனியாக ஆட | மிக நன்று | சுமார் | நன்று | குறைவு |
| நண்பர்களோடு | கடினம் | முடியும் | இதுதான் முதலிடம் | நன்று |
| முகம் தெரியாதவர்களோடு | இல்லை என்றே வையுங்கள் | மிகக் குறைவு | உண்டு | இதுதான் முதலிடம் |
| ஒரு தடவைக்கு நேரம் | அரை முதல் ஒரு மணி | ஒரு மணி | இரண்டு, மூன்று மணி | ஒரு மணியாவது |
| மெஷின் | எதுவும் போதும் | பழையது போதும் | வேகமான பிராசஸர் | நல்ல கிராபிக்ஸ் கார்டு, அல்லது கன்சோல் |
| மறைந்திருக்கும் செலவு | பழமையைப் பொறுத்துக்கொள்வது | இரண்டு பாகமும் வேண்டும் | டிஎல்சி, மோட், டிஸ்க் | ஹெட்செட், கன்சோல் சந்தா |

## ஆர்மா: கோல்டு வார் அசால்ட்

1985. எவரான், மால்டன், கொல்குயெவ் என்று மூன்று கற்பனைத் தீவுகள். கட்டளைக்குக் கட்டுப்படாத ஒரு சோவியத் ஜெனரல், அவரை எதிர்க்கும் நேட்டோ படை. நீங்கள் டேவிட் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற கடைநிலை வீரராகத் தொடங்குகிறீர்கள்.

இந்தக் கேமை ஏன் இன்னும் சிபாரிசு செய்கிறேன் என்பதற்கு ஒரு காட்சி போதும். மோன்டின்யாக் என்ற ஊரைப் பிடிக்கப் போகும் தாக்குதல் தோற்றுவிடுகிறது. அடுத்த மிஷனில் காட்டுக்குள் நீங்கள் ஒற்றை ஆள். கையில் துப்பாக்கி, ஒரு மேப், ஒரு காம்பஸ். படைப்பிரிவு இல்லை, உத்தரவு போட ஆளில்லை. மரங்களுக்கு நடுவே ரஷ்யக் குரல்கள். கடினமான நிலையில் ஆடினால் மேப்பில் நீங்கள் நிற்கும் இடம்கூடக் காட்டப்படாது. ஒரு சாலை வளைவையும் குன்றையும் பார்த்து நீங்களே கணக்குப் போட வேண்டும். மிஷனுக்கு ஒரே ஒரு முறைதான் சேமிக்க முடியும். அந்தச் சேமிப்பை இப்போதே செலவழிப்பதா, அந்த வெட்டவெளியைத் தாண்டிய பிறகா என்று பொத்தானில் விரல் வைத்துக்கொண்டு யோசித்த நிமிடங்கள் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. படங்கள் எல்லாம் பட்டை பட்டையாக, மரங்கள் அட்டையில் வெட்டி நட்டது போலத்தான் இருக்கும். ஆனாலும் அந்தப் பயம் இன்றைய கேம்களில் எனக்கு வரவில்லை.

தூரத்துச் சரிவில் துப்பாக்கி மின்னும், சத்தம் ஒரு கணம் கழித்து வரும். 2001-லேயே ஒலியின் வேகத்தைக் கணக்கில் எடுத்துச் செய்திருக்கிறார்கள். தோட்டா பக்கத்தில் விழுந்து புழுதி கிளம்பிய பிறகுதான் வெடிச் சத்தம் கேட்கும். இந்தப் பழக்கம் கைவந்தால் பிற்கால ஆர்மாக்கள் எல்லாம் எளிதாகும்.

இதோடு சேர்ந்தே வருவது 2002-இன் 'ரெசிஸ்டன்ஸ்' கதை. நோகோவா தீவில் சண்டையை விட்டு ஒதுங்கி வாழ நினைக்கும் விக்டர் ட்ரோஸ்கா, வேறு வழியில்லாமல் மறுபடி துப்பாக்கியைத் தூக்குகிறார். இதில் ஒரு மிஷனில் எதிரியிடமிருந்து எடுத்த ஆயுதம் அடுத்த மிஷனிலும் உங்கள் கையிருப்பில் இருக்கும். இறந்த தோழர் இறந்தவர்தான், திரும்பி வரமாட்டார். ஒவ்வொரு ஆளையும் காப்பாற்றத் தோன்றும்.

மறைந்திருக்கும் செலவு என்ன? பணம் மிகக் குறைவுதான். கொடுக்க வேண்டியது பொறுமை. உங்கள் கீழுள்ள ஆள்களுக்கு உத்தரவு போட எஃப்1, எஃப்2 என்று அழுத்தி, பிறகு எண் பொத்தான்களில் மெனுவைத் தேடிப் போக வேண்டும். ரேடியோவில் வார்த்தை வார்த்தையாக ஒட்டிய குரல் பேசும். கதவைத் திறக்கவும் ஏணியில் ஏறவும் ஒரு பட்டியலை உருட்டித் தேட வேண்டும். நண்பர்களோடு ஆடும் எண்ணமிருந்தால் இதை விட்டுவிடுங்கள். அதற்கான வசதிகள் பழசாகிவிட்டன.

தனியாக ஆடுபவர், பழைய லேப்டாப் வைத்திருப்பவர், ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் கிடைப்பவர் இதை வாங்குங்கள். தயங்கவே வேண்டாம்.

## ஆர்மா 2

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். செர்னாரஸ் என்ற கற்பனை நாடு, செக் நாட்டு நிலப்பரப்பை அடியொற்றி வரைந்தது. 225 சதுர கிலோமீட்டர். காலை மூடுபனியில் அந்தக் காடும் சிறு கிராமங்களும் இந்தத் தொடரிலேயே அழகானவை என்று இன்றும் சொல்வேன். டேஇசட் ஆடியவர்களுக்கு அந்தத் தெருக்கள் சொந்த ஊர் மாதிரி.

ஆனால் முழுமையாக ஆட 2009-இன் கேமும் 2010-இன் 'ஆப்பரேஷன் ஆரோஹெட்' பாகமும் சேர்த்து வேண்டும். ஒன்றை மட்டும் வாங்கிவிட்டு மோட் ஓடவில்லையே என்று திகைத்தவர்கள் பலர். முதன்மைக் கதையில் பாதியில் நின்றுபோகும் கோளாறுகள் உண்டு. மூன்று மணி நேரம் ஆடிய பிறகு அடுத்த கட்டம் திறக்காமல் போனால் என்ன செய்வது?

இதைவிட முக்கியமானது, செர்னாரஸும் ஆரோஹெட்டின் தாகிஸ்தானும் இப்போது ஆர்மா 3-க்குள்ளேயே கிடைக்கின்றன. சியுபி என்ற இலவச மோட் தொகுப்பு அந்த நிலப்பரப்புகளை அங்கே கொண்டுவந்துவிட்டது. ஆர்மா 3 ஓடாத அளவுக்குப் பழைய கம்ப்யூட்டர், கூடவே செர்னாரஸ் மேல் தீராத ஆசை, இந்த இரண்டும் சேர்ந்து இருந்தால் மட்டும் ஆர்மா 2 வாங்கலாம்.

## ஆர்மா 3

என்னுடைய மணிநேரங்கள் அதிகம் போனது இங்கேதான். அதனால் இதன் குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆர்மா 3-க்காக முதலில் கிராபிக்ஸ் கார்டை மாற்றினேன். "இதைப் போட்டால் எல்லாம் பறக்கும்" என்றார் கடைக்காரர். மாட்டி, இந்தக் கேமின் முதன்மைத் தீவான ஆல்டிஸில் நாற்பது எதிரிகள் உள்ள மிஷனைத் தொடங்கினேன். பழைய கார்டில் இருந்த அதே தடுமாற்றம். அப்புறம்தான் புரிந்தது. இந்தக் கேம் பெரும்பாலான வேலையைப் பிராசஸருக்குள் இருக்கும் பல கணிப்புப் பிரிவுகளில் (கோர்) ஒன்றின் மேலேயே சுமத்துகிறது. எத்தனை கோர் இருக்கிறது என்பதைவிட ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதே இங்கே கணக்கு. காசு போடுவதென்றால் பிராசஸருக்கும், வேகமான டிஸ்கான எஸ்எஸ்டிக்கும் போடுங்கள். சர்வரே திணறினால் உங்கள் கம்ப்யூட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எதிரிகள் வழுக்கி வழுக்கித்தான் நடப்பார்கள். அதற்கு உங்களிடம் மருந்து இல்லை.

அடுத்தது டிஎல்சி. அடிப்படைக் கேமை விலைக்குறைப்பில் மலிவாக வாங்கிவிடலாம். அதன் பிறகு 2016-இன் ஏபெக்ஸ், ஜெட்ஸ், டேங்க்ஸ், லாஸ் ஆஃப் வார், வெளிக்குழுக்கள் செய்த வியட்நாம் கதையான பிரேரி ஃபயர், பனிப்போர் ஜெர்மனியான குளோபல் மொபிலைசேஷன் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் முதல் நாளே வாங்க வேண்டாம். நீங்கள் சேரப்போகும் குழு எதை ஆடுகிறது என்று கேட்டுவிட்டு அதை மட்டும் வாங்குங்கள். ஒரு குழு வாராவாரம் ஏபெக்ஸோடு வரும் டனோவா தீவில் ஆடினால் அந்த டிஎல்சி இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. ஆல்டிஸிலும் இலவசமாகக் கொடுத்த மால்டனிலும் ஆடும் குழுவுக்கு எந்த டிஎல்சியும் தேவையில்லை.

டிஸ்க் இடத்தையும் டேட்டாவையும் மறக்கக் கூடாது. மோட் வைத்து ஆடும் குழுவில் சேர்ந்தால் மோட் மட்டுமே பல பத்து ஜிபி போகும். ஒரு மோட் அப்டேட் ஆனால் மறுபடி இறக்க வேண்டும். மொபைல் டேட்டாவை நம்பி இருப்பவர் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

சரி, இத்தனையும் தாண்டி ஏன் இது?

2035 என்று ஒரு கற்பனை எதிர்காலம். ஆல்டிஸ் தீவு 270 சதுர கிலோமீட்டர். ஏஜியன் கடலில் உள்ள லெம்னோஸ் என்ற உண்மையான கிரேக்கத் தீவைப் பார்த்து வரைந்தது. 2012-இல் அந்தத் தீவில் இருந்தபோது பொஹீமியா ஊழியர்கள் இருவரை உளவு பார்த்ததாகச் சொல்லிக் கைது செய்தார்கள். நான்கு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்து 2013 ஜனவரியில்தான் பிணையில் வெளியே வந்தார்கள். ஆல்டிஸின் உப்பளத்தையோ காற்றாலை வரிசையையோ கடக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வரும்.

தனியாக ஆட 'தி ஈஸ்ட் விண்ட்' என்ற மூன்று பகுதிக் கதை உள்ளேயே இருக்கிறது. ஆனால் ஆர்மா 3-இன் உயிர், மிஷன்களை நாமே உருவாக்க உதவும் அதன் எடிட்டரும் மோட்களும்தான். ஏஸ் என்ற மோட் போட்டு ஆடினால் காயம் என்பது வெறும் சிவப்புத் திரை இல்லை. எந்தக் கையில் அடி, ரத்தம் எவ்வளவு வேகமாகப் போகிறது, ரத்தத்தை நிறுத்த இறுக்கும் டூர்னிகே கட்டியாயிற்றா, எந்தக் கட்டு போடுவது என்று மருத்துவப் பொறுப்பில் இருப்பவர் மண்டியிட்டுப் பார்க்க வேண்டும். இன்னொரு மோட் ரேடியோவை உண்மையானது போல ஆக்கும். பக்கத்தில் இருப்பவரோடு வாயால் பேசலாம். தூரத்தில் உள்ள அணியோடு பேச முதுகில் சுமக்கும் பெரிய ரேடியோ வேண்டும். அதைச் சுமப்பவர் விழுந்துவிட்டால் மொத்த அணியும் ஊமை. ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் ஐந்து பேர் குழுவில் அப்படி ஆனது. ஹெலிகாப்டரை வரச்சொல்ல வழியில்லை. இருட்டில் ஊர்ந்துபோய், விழுந்தவர் முதுகிலிருந்து அந்தப் பையை எடுத்து வர ஒருவர் புறப்பட்டார். மற்ற மூன்று பேரும் மூச்சுவிடாமல் அவருடைய காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அதை யாரும் மிஷனில் எழுதி வைக்கவில்லை. தானாக நடந்தது.

மாதக்கணக்கில் ஆட வேண்டுமென்றால் ஆன்டிஸ்டாசி என்ற மிஷன். தீவை ஆக்கிரமித்துள்ள படையிடமிருந்து ஒரு கெரில்லாக் குழு இடம் இடமாக மீட்க வேண்டும். இன்று சேமித்துவிட்டு அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வேலைக்குப் போகும் நண்பர்கள் சேர்ந்து ஆட இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது.

ஒரே ஒரு டிஎல்சியை மட்டும் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். அது 2017-இன் லாஸ் ஆஃப் வார். அதன் கதையில் நீங்கள் சிப்பாய் அல்ல. போர் முடிந்த பிறகு ஒரேயோகாஸ்ட்ரோ என்ற இடிந்த ஊரில் கண்ணிவெடி அகற்றும் உதவிப் பணியாளர். தரையில் கிடக்கும் ஒவ்வொரு பொருளும் அங்கே நடந்ததைத் திறந்து காட்டும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு தரப்பு மனிதராக அதை நீங்களே ஆடுவீர்கள். யார் செய்தது சரி என்று கேம் தீர்ப்புச் சொல்லாது. அதன் விற்பனையில் ஒரு பங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். போரை ஆட்டமாக ஆடும் நாம் எல்லோரும் ஒரு முறையாவது அந்த ஊரில் நடந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இதோடு இன்னொரு வேண்டுகோள். ஆர்மா 3 காட்சிகளை உண்மையான போர்க் காட்சி என்று பரப்புவது உக்ரைன் போரிலும் நடந்தது, 2025 மே மாதம் இந்தியா, பாகிஸ்தான் மோதலின்போதும் நடந்தது. நீங்கள் பதிவுசெய்யும் வீடியோவில் கேம் என்று தெரியும்படி எழுதிவிடுங்கள்.

தெரிந்த நண்பர்கள் மூன்று பேராவது இருந்து, வாரத்தில் ஒரு முறை இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்க முடிந்தால் ஆர்மா 3 தான். தனி ஆளாக இருந்தாலும், எடிட்டரில் நீங்களே மிஷன் செய்து பார்க்கும் ஆர்வம் இருந்தால் இதை வாங்கலாம். தினமும் அரைமணிதான் கிடைக்கும் என்றால் வேண்டாம். மோட் இறங்கி முடிவதற்குள்ளேயே உங்கள் நேரம் போய்விடும்.

## ஆர்மா ரிஃபோர்ஜர்

2001-இல் நாம் ஓடி ஒளிந்த அதே எவரான் தீவு, இப்போது 1989-இல். பழைய கேமை ஆடியவர்கள் முதல் நாள் அந்தக் கடற்கரையைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிடுவார்கள். நானும் நின்றேன். ஏறத்தாழ 51 சதுர கிலோமீட்டர்தான், ஆல்டிஸில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் பெரும்பாலான வீடுகளுக்குள் நுழையலாம், புல்லும் மழையும் வேறு தரத்தில் இருக்கின்றன. எஞ்சினே புதியது. பெயர் என்ஃப்யூஷன்.

முதன்மையான ஆட்டம் 'கான்ஃபிளிக்ட்'. ஒரு சர்வரில் 128 பேர் வரை ஆடலாம். அமெரிக்கரும் சோவியத்தும் தளங்களைப் பிடிக்க வேண்டும். தளங்கள் ரேடியோ எல்லைக்குள் ஒன்றோடொன்று தொடுத்திருக்க வேண்டும், அதனால் நினைத்த இடத்துக்குத் தாவ முடியாது. ஒவ்வொரு தளத்துக்கும் சப்ளை வேண்டும். அதை யாராவது லாரியில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். துப்பாக்கியே சுடாமல் ஒரு மணி நேரம் லாரி ஓட்டியிருக்கிறேன். விளக்கை அணைத்துவிட்டு, மழையில், சாலையின் ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டுவேன். முன்னணித் தளத்தில் இறக்கியதும், அதுவரை கையில் சொற்பத் தோட்டாவோடு நின்றவர்கள் ஓடிவந்து எடுத்துக்கொள்வார்கள். யாரோ முகம் தெரியாத ஒருவர் மைக்கில் நன்றி சொல்வார். அந்த வேலையில் எனக்குக் கிடைத்த நிறைவு, பத்துப் பேரைச் சுட்டதில் கிடைக்கவில்லை.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டிலும் பிளேஸ்டேஷன் 5-இலும் கிடைக்கிறது, அங்கேயும் மோட் போடலாம் என்பது பெரிய விஷயம். கம்ப்யூட்டர் வைத்திருப்பவரும் கன்சோல் வைத்திருப்பவரும் ஒரே சர்வரில் சேரலாம். சர்வரில் சேரும்போது தேவையான மோட் தானாக இறங்கிவிடும். ஆர்மா 3-இல் புதியவர்களுக்கு வரும் பாதித் தலைவலி இங்கே இல்லை.

ஆனால் சில செலவுகள் பெட்டியின் மேல் எழுதியிருக்காது. கன்சோலில் ஆன்லைன் ஆட மாதச் சந்தா வேண்டும். கேமின் விலையோடு ஓராண்டுச் சந்தாவையும் கூட்டிப் பாருங்கள். மைக் இல்லாமல் ஆடினால் பாதிக் கேமைத்தான் ஆடுகிறீர்கள், ஆகவே ஹெட்செட் கட்டாயம். ஐரோப்பிய சர்வர்களில்தான் கூட்டம் அதிகம். நம் பக்கத்திலிருந்து அங்கே பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரம், நூறு மில்லிநொடியைத் தாண்டும். வாங்கிய முதல் நாளே சர்வர் பட்டியலைப் பிங் வாரியாக அடுக்கிப் பார்த்து, நீங்கள் ஆடும் நேரத்தில் பக்கத்து சர்வர்களில் ஆள் இருக்கிறார்களா என்று கவனியுங்கள். பெரிய அப்டேட் வந்தால் சில மோட்கள் நாள்கணக்கில் முடங்கும். நீங்கள் வழக்கமாகப் போகும் சர்வர் அதுவரை காலியாகக் கிடக்கும்.

ஆர்மா 3-இல் உள்ளது போன்ற நீண்ட கதைக்காகவோ, போர் விமானங்களுக்காகவோ இதை வாங்க வேண்டாம். தனியாக ஆடுபவருக்குக் கேம் மாஸ்டர் வழியில் ஆள்களை வைத்துச் சின்னச் சின்னச் சண்டைகளை உருவாக்கிப் பார்க்கலாம். சில வாரங்களில் அலுத்துவிடும்.

நண்பர் குழு இல்லை, ஆனால் கூட்டமாக ஆட ஆசை என்றால் இதுதான் உங்களுக்கு. கன்சோல் மட்டும் வைத்திருப்பவருக்கு வேறு தேர்வே இல்லை. ஒரு மணி நேரம் கிடைத்தால் நடுவில் நுழைந்து, ஒரு லாரி சுமையை இறக்கிவிட்டு வெளியேறலாம்.

## ஆர்மா 4 வரை பொறுத்திருப்பது

2027-இல் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். இந்தக் குடும்பத்தின் கேம்கள் வெளியான முதல் ஆண்டில் எப்படி இருந்தன என்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வந்த நாளில் அது முழுமையாக இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். ஆர்மா 3 வந்தபோது கதையே இல்லை. முதல் பகுதி அடுத்த மாதம்தான் வந்தது. நல்ல மோட்கள் சேர இன்னும் ஆண்டுகள் ஆயின.

காத்திருப்பதில் அர்த்தம் உள்ள ஒரே ஆள், இப்போது இருக்கும் கம்ப்யூட்டரில் ஆர்மா 3-உம் ரிஃபோர்ஜரும் ஓடாமல், எப்படியும் புதியது வாங்கப் போகிறவர்.

மோட் செய்யக் கற்க விரும்புகிறவர் மட்டும் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். ஆர்மா 3-இன் நிரல் மொழியான எஸ்கியூஎஃப் அந்தக் கேமோடு நின்றுவிடும். ரிஃபோர்ஜரின் என்ஃப்யூஷன் எஞ்சின்தான் ஆர்மா 4-க்கும் அடித்தளம். இன்று அங்கே கற்பது நாளைக்கும் உதவும். இந்த ஒரு காரணத்துக்காக, ஆட்டத்தில் ஆர்மா 3-ஐ விரும்பினாலும் வேலையை ரிஃபோர்ஜரில் பழகலாம்.

## வாங்கிய முதல் இரண்டு மணி நேரம்

ஸ்டீமில் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆர்மாவில் பொத்தான்களைப் பழகவே இரண்டு மணி நேரம் ஆகிவிடும், அதனால் பயிற்சியில் தொடங்காதீர்கள். முதலில் உங்கள் மெஷினைச் சோதியுங்கள்.

ஆர்மா 3 என்றால் எடிட்டரைத் திறந்து, ஆல்டிஸில் கவாலா நகரத்துக்குப் போங்கள். அதுதான் அந்தத் தீவில் கம்ப்யூட்டரை அதிகம் வாட்டும் இடம். இரண்டு பக்கமும் முப்பது முப்பது பேரை வைத்து, நடுத்தெருவில் நீங்கள் நின்று ஓடவிடுங்கள். அந்த நெரிசலில் திரையில் ஓடும் படங்களின் எண்ணிக்கை நொடிக்கு முப்பது ஃபிரேமுக்குக் கீழே போகாமல் நின்றால் நண்பர்களோடு ஆட உங்கள் கம்ப்யூட்டர் தாங்கும். ரிஃபோர்ஜர் என்றால் மாலை ஆள் நிறைந்திருக்கும் ஒரு பக்கத்து சர்வரில் நுழைந்து, ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு ஜீப்பில் போய்ப் பாருங்கள். படம் விட்டு விட்டு நகர்கிறதா, பிங் எவ்வளவு, மைக்கில் பேசினால் யாராவது பதில் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். மீதி ஒன்றரை மணி நேரம் கையில் இருக்கும்போதே வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா என்று முடிவு செய்துவிடுங்கள்.